சில்வண்டு எங்கே போயிற்று?



ஆரணிக்கும் போளூருக்கும் அருகே திருமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. திருப்பதித் திருமலை அன்று, சமணர்களின் திருமலை. சோழ இளவரசி குந்தவையின் பெயரால் அமைந்த சமணக் கோயிலும், பாறையில் வடித்த நேமிநாதர் சிலையும், பழைய ஓவியங்களும் அங்கே உள்ளன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கல்லூரி மாணவர்கள் சிலருடன் அங்கே சென்றிருந்தேன். மாலை நேரம். பாறையில் உட்கார்ந்திருந்தோம். ஊர் அடங்கிக்கொண்டிருந்தது.

"சார், இந்தச் சில்வண்டுச் சத்தம் காதையே துளைக்கிறதே! எத்தனை ஹெர்ட்ஸ் இருக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

நான் உற்றுக் கேட்டேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

மற்ற மாணவர்களைப் பார்த்தேன். எல்லாரும் தலையசைத்தார்கள். எல்லாருக்கும் கேட்கிறது. ஒலியியல் பாடத்தை 20 ஆண்டுகளாக நடத்தி வரும் எனக்கு மட்டும் அந்தப் புதர் ஊமையாக இருந்தது. "4,000, 5,000 ஹெர்ட்ஸ் இருக்கும்" என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்விதான்: சில்வண்டு எங்கே போயிற்று?

அதற்கு விடை தேடித்தான், 46 வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக நான் காதுப் பரிசோதனைக்குப் போனேன். அந்தப் பரிசோதனையில் நடந்ததையும் அதற்குப் பின்னால் உள்ள இயற்பியலையும் இந்தக் கட்டுரையில் காண்போம். உங்களில் பலருக்குக் கண் பரிசோதனை செய்திருப்பார்கள். காதுப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர்? உங்கள் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேர்?

காது என்னும் கருவி

முதலில் காதைப் பற்றிச் சிறிது நினைவூட்டிக் கொள்வோம்.

காற்றில் வரும் ஒலியலை செவிக்குழாய் வழியாகச் சென்று செவிப்பறையை அதிரச் செய்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டறை, அங்கவடி என மூன்று சிறு எலும்புகள் உள்ளன. அங்கவடி எலும்பு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அதுவே. அதற்கு அப்பால் நத்தைக் கூடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்கு நத்தைக்குழல் என்று பெயர். அதன் உள்ளே திரவம் நிரம்பியுள்ளது.

இந்த மூன்று எலும்புகள் எதற்கு? செவிப்பறையே நேராகத் திரவத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதாதா? போதாது. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டால் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே நுழையும். மீதி எல்லாம் எதிரொலித்துத் திரும்பிவிடும். கிணற்றில் மூழ்கிக் குளிக்கும்போது கரையில் இருப்பவர் கூப்பிடுவது கேட்காமல் போவது இதனால்தான். இந்த இழப்பை ஈடுகட்டவே எலும்புகள் இருக்கின்றன. செவிப்பறையின் பரப்பு அங்கவடியின் அடிப்பரப்பைப் போல் சுமார் 17 மடங்கு. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பு விசையை மேலும் 1.3 மடங்கு ஆக்குகிறது. இரண்டையும் பெருக்குங்கள். அழுத்தம் ஏறக்குறைய 22 மடங்காகப் பெருகி நத்தைக்குழலுக்குள் செல்கிறது.

நத்தைக்குழலின் உள்ளே அடிச்சவ்வு என்னும் ஒரு சவ்வு நீளவாக்கில் ஓடுகிறது. சுருளைப் பிரித்து நீட்டினால் அதன் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். ஒலி உள்ளே வரும்போது இந்தச் சவ்வில் ஓர் அலை ஓடுகிறது. உயர்ந்த அதிர்வெண் உள்ள ஒலி சவ்வின் தொடக்கத்தில் பெரிய அசைவை உண்டாக்கும். தாழ்ந்த அதிர்வெண் உள்ள ஒலி சவ்வின் கடைசி முனை வரை சென்று அசைக்கும். ஹங்கேரியில் பிறந்த இயற்பியலர் பெக்கேசி இதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் கண்டறிந்தார். தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த அவருக்கு 1961-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இயற்பியல் படிப்பவர்கள் எங்கெல்லாம் செல்லலாம் என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

சவ்வின்மேல் மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காதில் சுமார் 3,500 உள்வரிசைச் செல்களும், சுமார் 12,000 வெளிவரிசைச் செல்களும் உண்டு. சவ்வு அசையும்போது இவற்றின் நுனியில் உள்ள நுண்மயிர்கள் வளைகின்றன. அந்த வளைவுதான் மின்துடிப்பாக மாறி நரம்பின் வழியே மூளைக்குச் செல்கிறது.

ஆரணியில் தறி பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு இணைத்துவிடுவார். சேலையில் குறை தெரியாது. ஆனால் மனிதனின் மயிர்ச்செல் ஒன்று இறந்துவிட்டால் இணைக்க முடிச்சு கிடையாது. பறவைகளுக்கு அது மீண்டும் முளைக்கும் என்று 1980-களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். நமக்கு முளைப்பதில்லை. பிறக்கும்போது கொண்டு வந்த இழைகளை வைத்துத்தான் வாழ்நாள் முழுவதும் நெய்ய வேண்டும்.

டெசிபெல் என்றால் என்ன?

நல்ல காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் செறிவு சதுர மீட்டருக்கு 10-இன் அடுக்கு -12 வாட். இந்த ஒலியில் காற்றுத் துகள் அசையும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே! காதைப் புண்படுத்தும் ஒலியின் செறிவோ இதைப்போல் லட்சம் கோடி மடங்கு. இவ்வளவு பெரிய வீச்சை எழுதுவதற்கு வசதியாக மடக்கை அளவு ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அதுவே டெசிபெல். தொலைபேசிக்குப் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக வந்த பெயர் இது. பெல் காது கேளாதவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்த ஆசிரியருமாவார். அவருடைய தாய்க்குக் காது மந்தம். மனைவிக்குக் காது கேளாது.

10 டெசிபெல் கூடினால் செறிவு 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. 3 கூடினால் ஏறக்குறைய 2 மடங்கு. நாம் பேசுவது சுமார் 60 டெசிபெல். 100 டெசிபெல் இரைச்சல் அதைவிட 40 அதிகம். எனவே செறிவில் 10,000 மடங்கு. 60-க்கும் 100-க்கும் வேறுபாடு கொஞ்சம்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

பரிசோதனை அறையில்

இனி என்னுடன் பரிசோதனைக்கு வாருங்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் சில கேள்விகள் கேட்டார். காதில் இரைச்சல் கேட்கிறதா? சீழ் வடிந்ததுண்டா? தலை சுற்றுகிறதா? என்ன வேலை? வீட்டில் யாருக்காவது காது மந்தம் உண்டா? பிறகு விளக்குப் பொருத்திய சிறு கருவியால் செவிக்குழாயைப் பார்த்தார். பலருக்குக் காது மந்தமாவதற்குக் காரணம் அடைத்துக்கொண்ட குறும்பிதான். அதை மருத்துவர் எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. நாமே கொண்டை ஊசி, தீக்குச்சி, சாவி ஆகியவற்றை விட்டுக் குடைந்தால் குறும்பி இன்னும் உள்ளே போகும், செவிப்பறையும் கிழியலாம்.

அடுத்து அவர் எடுத்த கருவியைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அதே இசைக்கவை! 512 ஹெர்ட்ஸ். அதிரவிட்டு, அதன் காம்பைக் காதின் பின்னால் உள்ள எலும்பில் வைத்தார். ஒலி நின்றதும் சொல்லச் சொன்னார். நான் சொன்னதும் அதைக் காதின் முன்னால் காற்றில் பிடித்தார். மீண்டும் கேட்டது. இதற்கு ரின்னி சோதனை என்று பெயர், 1855-இல் வந்தது. நல்ல காதுக்கு எலும்பு வழியைவிடக் காற்று வழியே நன்கு கேட்கும். எலும்பு வழி நன்றாகவும் காற்று வழி மோசமாகவும் இருந்தால் தடை வெளியே உள்ளது. அதாவது செவிக்குழாயிலோ, செவிப்பறையிலோ, மூன்று எலும்புகளிலோ. இரண்டு வழியும் ஒருசேரக் குறைந்தால் கோளாறு உள்ளே, நத்தைக்குழலிலோ நரம்பிலோ இருக்கிறது. ஓர் இசைக்கவையை இரண்டு இடங்களில் வைத்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். எவ்வளவு எளிய இயற்பியல்!

பிறகு ஒலி புகாத ஒரு சிறு அறைக்குள் உட்கார வைத்தார்கள். கதவை மூடியதும் அப்படி ஓர் அமைதி. தலையில் காதொலிப்பான்களைப் பொருத்தி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். "எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அழுத்துங்கள். சந்தேகமாக இருந்தாலும் அழுத்துங்கள்" என்றார் பரிசோதகர்.

கண்ணாடிக்கு அப்பால் அவர் ஒரு கருவியை இயக்கினார். அது ஒரே ஓர் அதிர்வெண் மட்டும் கொண்ட தூய ஒலியை எழுப்பும். முதலில் 1,000 ஹெர்ட்ஸ். எளிதில் கேட்கும் அளவில் தொடங்குவார்கள். நான் பொத்தானை அழுத்தினால் 10 டெசிபெல் குறைப்பார்கள். அழுத்தாவிட்டால் 5 டெசிபெல் கூட்டுவார்கள். இப்படி இறங்கியும் ஏறியும், பாதித் தடவையாவது கேட்கிற மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்கு வாயில் அளவு என்று பெயர். அடுத்து 2,000, 4,000, 8,000; பிறகு 500, 250 ஹெர்ட்ஸ். ஒரு காது முடிந்ததும் மறு காது. பிறகு காதின் பின் எலும்பில் ஓர் அதிர்வியை வைத்து மீண்டும் ஒருமுறை. இசைக்கவை செய்த அதே வேலையைத்தான் இது எண்ணோடு செய்கிறது.

வலி இல்லை, ஊசி இல்லை. அரை மணி நேரம் போதும். இருந்தாலும் என் உள்ளங்கை வியர்த்தது என்பதை மறைக்க மாட்டேன். 4,000 ஹெர்ட்ஸ் முறை வந்தபோது வெகு நேரம் எதுவுமே கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பரிசோதகரின் கை அசைவது தெரிகிறது. ஒலி வருகிறது என்று தெரிகிறது. ஆனால் எனக்குத் திருமலைப் புதரைப்போல் வெறும் அமைதிதான்.

தலைகீழான வரைபடம்

முடிவை ஒரு வரைபடமாகத் தருகிறார்கள். கிடை அச்சில் அதிர்வெண். குத்து அச்சில் டெசிபெல். ஆனால் சுழி மேலே இருக்கும், எண்கள் கீழ்நோக்கிப் பெருகும். கோடு கீழே இறங்கினால் காது மோசம் என்று பொருள். வலக்காதுக்குச் சிவப்பு வட்டம். இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி.

இங்கே சுழி டெசிபெல் என்பது "ஒலியே இல்லை" என்பது அன்று. நலமான இளைஞர்கள் பலரின் காதுகளைச் சோதித்து, அவர்களால் கேட்க முடிந்த மெல்லிய ஒலியின் சராசரியைச் சுழி என்று வைத்துள்ளார்கள். ஆகவே மிகக் கூர்மையான காது உள்ள மாணவர் -5, -10 கூடப் பெறலாம்! எண்ணெய் ஊற்றாமலேயே அத்தகைய காது உங்களுக்கு வாய்த்திருக்கலாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய வகைப்பாட்டின்படி, 20 டெசிபெலுக்குக் கீழ் இருந்தால் காது நலம். 20 முதல் 35 வரை இலேசான குறை. 35 முதல் 50 வரை நடுத்தரக் குறை. அதற்கு மேல் போகப்போகக் குறை கடுமையாகும். இதற்கு 500, 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கின் சராசரியை எடுப்பார்கள்.

என் வரைபடத்தில் 250 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை கோடு 10, 15 என்று மேலேயே ஓடியது. 4,000-இல் வலக்காது 45, இடக்காது 40 என்று பள்ளத்தில் விழுந்தது. 8,000-இல் மீண்டும் 25-க்கு ஏறியது. சராசரி பார்த்தால் நான் "நலம்". ஆனால் சில்வண்டு பாடுகிற அந்த ஒரே இடத்தில் ஒரு குழி!

பரிசோதகர் அந்தக் குழியைப் பார்த்ததும் கேட்டார்: "இரைச்சலான இடத்தில் நிறைய நாள் இருந்திருக்கிறீர்களா?"

ஏன் 4,000?

வயதாவதால் வரும் குறையில் கோடு 8,000 வரை இறங்கிக்கொண்டே போகும். நடுவில் குழி விழுந்து மீண்டும் ஏறினால் அது பெரும்பாலும் இரைச்சலின் கையெழுத்து. ஏன் அந்த இடத்தில்?

விடை உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு முனை மூடிய குழாயில் ஒத்ததிர்வு பற்றிப் படித்திருப்பீர்கள். குழாயின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும்போது ஒலி பெருகும். நம் செவிக்குழாயும் அப்படிப்பட்ட குழாய்தான்: ஒரு முனை திறந்தது, மறு முனையைச் செவிப்பறை மூடியுள்ளது. நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். எனவே அலைநீளம் 10 சென்டிமீட்டர், அதாவது 0.1 மீட்டர். ஒலியின் திசைவேகம் 340 என்று கொண்டால், 340 ÷ 0.1 = 3,400 ஹெர்ட்ஸ்.

ஆக, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைச் செவிக்குழாயே 10 டெசிபெலுக்கு மேல் பெருக்கி உள்ளே அனுப்புகிறது. மெல்லிய பேச்சைக் கேட்க இயற்கை தந்த உதவி இது. ஆனால் இரைச்சலையும் அதே குழாய்தான் பெருக்குகிறது. பலத்த ஒலி, தன் அதிர்வெண்ணைவிடச் சற்று உயர்ந்த அதிர்வெண்ணுக்கு உரிய இடத்தில்தான் அதிகச் சேதம் செய்யும். எனவே அடி 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி விழுகிறது.

இரைச்சல் காதைக் கெடுக்கும் என்பது புதிய செய்தி அன்று. வெனிஸ் நகரத்தில் நாளெல்லாம் செம்பு தட்டும் கொல்லர்கள் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் ராமஸினி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். 1886-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர்களைச் சோதித்தார். அப்போது மின்கருவி ஏது? ஒரு கடியாரத்தின் டிக் டிக் ஓசை எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்றுதான் அளந்தார்.

நெசவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வங்காளத்துச் சணல் கப்பலேறிச் சென்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகளில் துணியாயிற்று. அங்கே விசைத்தறிகளின் இரைச்சல் 100 டெசிபெல் அளவில் இருந்தது. அந்த ஆலைகளில் தறி ஓட்டிய பெண்களின் காதுகளைச் சோதித்து 1965-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 4,000 ஹெர்ட்ஸ் இழப்பின் பெரும்பகுதி முதல் 10, 15 ஆண்டுகளிலேயே நேர்ந்துவிடுகிறது என்று அது காட்டியது. அதாவது இளமையிலேயே! இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைப் பெண்களோ இரைச்சலில் பேச முடியாமல், வாயசைவாலும் கையசைவாலும் பேசும் தனி மொழி ஒன்றையே வளர்த்துக்கொண்டார்கள்.

நம் ஆரணியின் பட்டுக் கைத்தறி இவ்வளவு இரைவதில்லை. விசைத்தறியும் மாவு மில்லும் நெல் ஆலையும் பட்டறையும் வேறு. பொது விதி ஒன்றை நினைவில் வையுங்கள். 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரை இருக்கலாம் என்பது தொழில்நல வல்லுநர்கள் பலர் கொள்ளும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 94-க்கு 1 மணி. 100 டெசிபெலுக்கு எவ்வளவு? கணக்கிடுங்கள். 15 நிமிடம்தான். டண்டீப் பெண்கள் நாளெல்லாம் அங்கே நின்றார்கள்.

பட்டா, தட்டா?

"இரைச்சலான இடத்தில் இருந்தீர்களா?" என்ற கேள்விக்கு வருகிறேன். இருந்தேன். என் தந்தையார் ஆரணியில் ஒரு நெல் ஆலையில் இயந்திரம் ஓட்டினார். பள்ளி, கல்லூரி விடுமுறைகளில் நானும் அங்கே மூட்டைக் கணக்கு எழுதினேன். மாலையில் வெளியே வந்தால் காது "ங்" என்று இரையும். காலையில் சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

அப்பாவுக்கு 50 வயதிலேயே காது மந்தம். ஆனால் அவர் ஒருநாளும் "கேட்கவில்லை" என்று சொன்னதில்லை. "கேட்கிறது, புரியவில்லை, நீங்கள்தான் வாய்க்குள் பேசுகிறீர்கள்" என்பார். அவர் சொன்னது அறிவியல்படி முற்றிலும் உண்மை என்பதை நான் வெகு காலம் கழித்தே உணர்ந்தேன்.

பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக இருக்கும். க், ச், ட், த், ப் போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பமான ஓசைகள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மெல்லியவையாக இருக்கும். அங்கே குழி விழுந்தவருக்குப் பேச்சின் பலம் குறையாது, தெளிவு குறையும். பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ஒன்றுபோல் ஒலிக்கும். அமைதியான அறையில் மூளை இடம்பார்த்துச் சொல்லை ஊகித்துக்கொள்ளும். கல்யாண வீட்டிலோ கடைத்தெருவிலோ ஊகம் தோற்றுவிடும்.

ஒருமுறை அம்மா "தட்டு எடுங்க" என்றார். அப்பா உள்ளே போய்ப் பட்டை எடுத்து வந்தார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதன்பின் அப்படிப் பல சிரிப்புகள். கடைசி ஆண்டுகளில் அவர் விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். வந்தவர்களிடமும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார். பதில் சொல்ல வேண்டிய கேள்வி எதுவும் தன்னிடம் வராமல் பார்த்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. அவரை ஒரே ஒருநாள் பேருந்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றிருந்தால் போதும். ஒலியியல் படித்த நான் அதைச் செய்யவில்லை. "வயசானா அப்படித்தான்" என்று இருந்துவிட்டேன்.

காது கேளாமை மனிதர்களைத் தனிமைப்படுத்துகிறது. நடுவயதில் வரும் செவித்திறன் குறையைக் கவனியாமல் விட்டால் முதுமையில் மறதி நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதையும் அண்மைக்கால மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறை உள்ளதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

என்ன செய்யலாம்?

குறும்பி என்றால் எடுத்துவிடலாம். செவிப்பறைக் கிழிசல், எலும்பு இறுக்கம் ஆகியவற்றுக்குப் பல நேரங்களில் அறுவை மருத்துவம் உதவும். மயிர்ச்செல் இழப்புக்கு மருந்து இல்லை; ஆனால் காது கேட்கும் கருவி உண்டு. இன்றைய கருவி எல்லா ஒலியையும் ஒரே அளவாகக் கூட்டுவதில்லை. நான் மேலே சொன்ன வரைபடத்தைப் பார்த்து, எங்கே பள்ளமோ அங்கே மட்டும் அதிகமாகக் கூட்டுகிறது. எனவேதான் பரிசோதனை இல்லாமல் வாங்கும் கருவி பயன்படாமல் பெட்டியில் தூங்குகிறது. சரியான கருவிக்கும் மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் நாளே "இரைகிறது" என்று கழற்றி வைத்துவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கை: ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கேளாமல் போனால் அது அவசரம். தானே சரியாகும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாள் கடந்தால் மருத்துவம் பலன் தருவது குறையும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. ஆரணிக்காரர்களுக்குத் திருவண்ணாமலையும் வேலூரும் பேருந்து தூரம்தான். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இத்துறையில் வல்லுநர்களை உருவாக்கி வருகிறது. அறிவியலும் பிறருக்கு உதவுவதும் பிடித்த மாணவர்கள் இந்தப் படிப்பையும் எண்ணிப் பார்க்கலாம்.

என் நிலைக்குக் கருவி இப்போது தேவையில்லை என்றார்கள். இரைச்சலில் காதடைப்பான் அணியவும், ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கவும் சொன்னார்கள். நான் இன்னொன்றும் செய்தேன். வகுப்பில் "ஏன் வாய்க்குள் பேசுகிறீர்கள்?" என்று மாணவர்களைக் கடிந்துகொள்வதை நிறுத்தினேன். கேள்வி கேட்பவர் அருகில் நடந்து போகிறேன். "எனக்கு உயர் அதிர்வெண் சற்றுக் குறைவு, மறுபடி சொல்லுங்கள்" என்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

செய்து பாருங்கள்

1. ஓர் எவர்சில்வர் கரண்டியின் நடுவில் நூலைக் கட்டுங்கள். நூலின் இரு முனைகளையும் ஆள்காட்டி விரல்களில் சுற்றி, விரல்களால் காதுகளை மெல்ல அடைத்துக்கொள்ளுங்கள். கரண்டி தொங்கட்டும். நண்பரை அதை மெல்லத் தட்டச் சொல்லுங்கள். கோயில் மணிபோல் ஒலிக்கும்! ஒலி நூல் வழியாகவும் எலும்பு வழியாகவும் வருகிறது.

2. வீட்டில் மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். தாத்தாவையோ பாட்டியையோ அப்பாவையோ நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கை நீளம் பின்னால் நில்லுங்கள். ஒரு காதை அவர்களே விரலால் அடைத்துக்கொள்ளட்டும். மெல்லிய குரலில் மூன்று சொற்கள் சொல்லுங்கள்: பட்டு, கல், சட்டை. திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு வேறு சொற்களுடன் மறு காது. பாதிக்கு மேல் தவறினால் முறையான பரிசோதனை தேவை. இது மருத்துவச் சோதனைக்கு மாற்று அன்று, அதற்கு முதற்படி.

3. பாட்டுக் கேட்கும்போது காதொலிப்பானைக் காதில் மாட்டிக்கொண்டு எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாகக் கேட்கிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கேட்டு முடித்தபின் காது "ங்" என்று இரைந்தால், அளவு மீறிவிட்டது என்று பொருள்.

இன்று மாலை விளக்கு வைத்தபின் வெளியே சென்று நில்லுங்கள். சில்வண்டு பாடுகிறதா என்று கேளுங்கள். பிறகு வீட்டிலிருக்கும் பெரியவரையும் அழைத்து வந்து, அவருக்கும் கேட்கிறதா என்று கேளுங்கள். "இல்லையே" என்று அவர் சொன்னால் சிரிக்காதீர்கள். அடுத்த விடுமுறை நாளில் அவர் கையைப் பிடித்துப் பேருந்து ஏற்றுங்கள்.